முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு அட்டை: போஸ்ட்கிராசிங், இரண்டு வருட அனுபவம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைத்திக்குப்பத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர் படிக்க வருகிறார்கள். கட்டணம் எதுவும் கிடையாது. கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம் முடிந்ததும் வெள்ளிக்கிழமை மட்டும் கடைசி ஒரு மணி நேரம் வெளிநாட்டுக்கு அஞ்சலட்டை எழுதுவோம். அதற்கு நாங்கள் பயன்படுத்தும் சேவையின் பெயர் போஸ்ட்கிராசிங். தெருவில் இரண்டு மூன்று பேரும் வேறு டியூஷன் நடத்தும் ஒரு தோழியும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டதால் எனக்குத் தெரிந்ததை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கணக்கு தொடங்கலாம். "ஒரு முகவரி கொடு" என்று கேட்டால், உலகத்தில் எங்கேயோ இருக்கும் ஒருவருடைய முகவரியும் ஒரு எண்ணும் வரும். நாடு நம் விருப்பம் இல்லை, யார் வருகிறாரோ அவருக்குத்தான் எழுத வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் அட்டைக்கு ஐ-என் என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் எண். அதை அட்டையில் எழுதி, அஞ்சல் தலை ஒட்டி, பெட்டியில் போட வேண்டும். அங்கே அட்டை கிடைத்தவர் அந்த எண்ணைப் பதிவு செய்தவுடன் நம்முடைய முகவரி வேறு யாரோ ஒருவருக்குப் போகும், அவர் நமக்கு எழுதுவார். ஆக நாம் எழுதியவரே திருப்பி எழுத மாட்டார், வேறு ஒருவர் எழுதுவார். பிள்ளைகளுக்கு இது புரிய இரண்டு வாரம் ஆனது. "அப்போ நாம கொடுத்ததுக்கு அவங்க திருப்பித் தர மாட்டாங்களா அக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள். தர மாட்டார்கள், ஆனால் இன்னொருவர் தருவார் என்றேன். யோசித்துவிட்டு, "மொய் மாதிரி இல்ல, அன்னதானம் மாதிரி" என்றாள். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதைத் தொடங்கியவர் பாவ்லோ மகல்யாயிஷ் என்ற போர்ச்சுகல் நாட்டு மாணவர். தொடங்கிய நாள் 2005 ஜூலை 14. நம் ஊரில் அந்தத் தேதிக்கு விளக்கமே தேவையில்லை, முதல் நாள் ராத்திரி விளக்கு ஊர்வலம் போகும் பிரெஞ்சு தேசிய தினம். இதுவரை ஏழு கோடிக்கும் மேல் அட்டைகள் இதன் வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நான் இதற்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம் வேறொரு திட்டத்தில் சேர்ந்திருந்தோம். பெயர் வேண்டாம். உலக அமைதிக்காக மாணவர்களை இணைக்கிறோம் என்றார்கள், தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டச் சொன்னார்கள். நானும் கையிலிருந்து கட்டினேன். என்ன நடந்தது என்றால், பிள்ளைகள் ஒரு படிவத்தை நிரப்பினார்கள், வெள்ளைப் புறா போட்ட ஒரு சான்றிதழ் வந்தது, அவ்வளவுதான். ஒரு வெளிநாட்டுப் பிள்ளையின் பெயர்கூட அவர்கள் காதில் விழவில்லை. அமைதித் தூதுவர் என்று அந்தச் சான்றிதழில் அச்சடித்திருந்தது. அதை வாங்கிய பையன், "தூதுவர்னா எங்கேயாவது போகணும் இல்லக்கா?" என்று கேட்டபோது எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அந்தப் பணத்தில் எத்தனை அஞ்சல் தலை வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் மனசு கணக்குப் போடுகிறது.

சரி, அட்டைக்கு வருகிறேன். முதல் மாதம் கடற்கரைச் சாலையில் கிடைக்கும் படம் போட்ட அட்டைகளை வாங்கினோம். மஞ்சள் சுவர், காகிதப்பூ, காந்தி சிலை, திரும்பவும் மஞ்சள் சுவர். ஒரு பையன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எங்க ஊரு எங்கக்கா?" என்றான். அவன் வீட்டிலிருந்து அந்த மஞ்சள் சுவருக்கு நடந்தே போய்விடலாம், ஆனாலும் அவன் கேட்டது நியாயம். அதற்கப்புறம் படம் போட்ட அட்டை வாங்குவதை நிறுத்திவிட்டோம், அவர்களே வரைகிறார்கள். வலை பின்னும் அப்பா, மத்தி மீன் காயும் மணல், மாசி மகத்தன்று மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கரைக்கு வந்து இறங்கும் கூட்டம், ஃபைபர் படகின் பெயர்ப் பலகை, மழை ஒழுகும் இடத்தில் வைத்த குண்டான். எது வரைய வேண்டும் என்று நான் சொல்வதில்லை.

இதில் ஒரு நடைமுறை விஷயம். சார்ட் பேப்பர் ஒத்துவராது, மடங்கிவிடும். ஓவியப் பொருள் விற்கும் கடையில் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் வாங்கி 15 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். முகவரிப் பக்கத்தில் அடியில் ஒரு விரல் அகலம் காலியாக விடுங்கள், பல நாடுகளில் பிரிக்கும் இயந்திரம் அங்கேதான் கோடுகளை அச்சடிக்கிறது, எழுதியிருந்தால் எழுத்து மறைந்துபோகும். ஸ்கெட்ச் பேனா தண்ணீர் பட்டால் கலையும், பால்பாயின்ட் போதும். ஐ-என் எண்ணை இரண்டு இடத்தில் எழுதுங்கள்.

இனி வந்த அட்டைகள். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சேவையின் பலனே இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒஹையோவிலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் எழுதியிருந்தார். காலை நாலரைக்கு எழுந்து பனியைச் சுரண்டிவிட்டு வண்டி எடுப்பாராம், சனி ஞாயிறு ஒரு கிடங்கில் இன்னொரு வேலையாம். பிள்ளைகள் இதை நம்பவே இல்லை. அமெரிக்காவில் ஒருவர் இரண்டு வேலை பார்ப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்த அமெரிக்காவில் இல்லை. ஒரு பையன் மட்டும், "எங்க அப்பாவும் நாலு மணிக்குத்தான் எந்திரிப்பாரு" என்றான். ஃபின்லாந்து அட்டை இன்னொன்று. அந்த நாட்டின் வடக்குக் கோடியில் குளிர்காலத்தில் கிட்டத்தட்ட ஐம்பது நாள் சூரியன் அடிவானத்துக்கு மேலேயே வராது. அங்கிருந்து ஒரு அம்மா, இப்போது பகல் பன்னிரண்டு மணி, விளக்கு போட்டுக்கொண்டு எழுதுகிறேன் என்று எழுதியிருந்தார். புவியியல் பாடத்தில் பூமியின் சாய்வை நான் மூன்று தடவை நடத்தியிருக்கிறேன், ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரிந்ததில்லை. அன்றைக்கு டார்ச் லைட்டும் ஆரஞ்சுப் பழமும் அவர்களே கொண்டுவந்தார்கள்.

சீனாவிலிருந்து ஒரு அட்டை வந்தது. எல்லைச் சண்டைச் செய்திகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மேசையில் வைத்தவுடன் ஒரு பையன், "எனக்கு வேணாம், அவங்க நம்ம எதிரி" என்று எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தமாகப் படித்தேன். எழுதியது பதினேழு வயதுப் பெண். பள்ளியிலேயே தங்கிப் படிக்கிறாள், ராத்திரி பத்து மணி வரைக்கும் வகுப்பாம், ஜூன் மாதம் பெரிய பரீட்சை, அது முடிந்ததும் இரண்டு நாள் தூங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். கீழே தூங்கும் பூனை ஒன்றை வரைந்திருந்தாள். தள்ளி உட்கார்ந்தவன் அங்கிருந்தே, "பத்து மணி வரைக்குமா?" என்றான். அவனுக்கு ஏழரைக்கே கண் சொருகும். பிறகு அந்தப் பூனையை அவன்தான் சுவரில் ஒட்டினான். அவன் அரசியல் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை, எல்லையில் நடப்பது இந்த அட்டையால் தீரப் போவதும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் சீனா என்றால் அவனுக்கு மனதில் ஒரு ராணுவம் மட்டும்தான் இருந்தது. இப்போது அங்கே தூக்கம் போதாத ஒரு அக்காவும் இருக்கிறாள். எனக்கு இது பெரிய விஷயம்.

நம்மைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அட்டை கிடைத்ததைப் பதிவு செய்யும்போது நன்றி சொல்லி இரண்டு வரி எழுதலாம். நெதர்லாந்திலிருந்து ஒருவர் படம் அழகு என்று பாராட்டிவிட்டு, வீட்டில் இந்தி பேசுவீர்களா என்று கேட்டிருந்தார். பதினான்கு பேருக்கும் கோபம் வந்துவிட்டது. கோபத்தை அப்படியே அனுப்ப வேண்டாம், விளக்கம் அனுப்புவோம் என்றேன். உட்கார்ந்து எழுதினார்கள்: எங்கள் மொழி தமிழ், அதில் ழ என்று ஒரு எழுத்து உண்டு, அதைச் சொல்ல நாக்கை இப்படி மடக்க வேண்டும், எங்கள் ஊரில் சில தெருப் பலகைகளில் தமிழோடு பிரெஞ்சும் இருக்கும். அவர் மறுநாளே பதில் போட்டார், ழ-வைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாராம். அன்றிலிருந்து எந்த அட்டை போனாலும் பெயரைத் தமிழில்தான் எழுதுகிறார்கள், பக்கத்தில் ஆங்கிலத்தில் எப்படி உச்சரிப்பது என்று சின்னதாக.

ஒரு மழை நாளில் கரண்ட் போய்விட்டது, எழுத முடியவில்லை, அதனால் கதை சொன்னேன். 1874-க்கு முன்னால் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடிதம் போக வேண்டுமென்றால் இரண்டு நாடுகளும் தனியாக ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், நடுவில் கடந்துபோகும் நாட்டுக்கும் கணக்குத் தீர்க்க வேண்டும், கட்டணம் ஒவ்வொரு வழிக்கும் ஒரு மாதிரி. அந்த வருடம் அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 22 நாடுகள் உட்கார்ந்து, கடிதத்தைப் பொறுத்தவரை நாம் எல்லாரும் ஒரே நிலப்பரப்பு என்று கையெழுத்துப் போட்டன. இந்தியா 1876-ல் சேர்ந்தது. அதற்கப்புறம் இரண்டு உலகப் போர் வந்தும் அப்படி உருவான அஞ்சல் ஒன்றியம் கலையவில்லை. நம் பிள்ளை, ரங்கப்பிள்ளை வீதித் தலைமை அஞ்சலகத்தில் ஒட்டுகிற ஒரே தலையை ஃபின்லாந்து போஸ்ட்மேன் மதித்து வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அதனால்தான். இவ்வளவு நாட்டுக்காரர்கள் ஒரு விஷயத்தில் சொன்ன வார்த்தையை இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கே தொண்டை கட்டியது.

பாரதி பூங்கா பக்கம் இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த மாதம்தான். 1827-ல் தொடங்கிய நூலகம், பல பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது. முதல் உலகப் போர் தொடங்கியபோது அந்தப் பிரெஞ்சு எழுத்தாளர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். இரண்டு பக்கமும் வெறுப்பை நிறுத்துங்கள் என்று எழுதினார், சொந்த நாட்டிலேயே துரோகி என்று ஏசினார்கள். அவர் ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க் கைதிகள் அலுவலகத்தில் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து, மகனைக் காணோம், புருஷனைக் காணோம் என்று வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். 1915-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அந்தப் பணத்தையும் நிவாரண வேலைக்கே கொடுத்தார். அந்த அலுவலகம் கைதிகளைத் தேடிக் கண்டுபிடிக்க எழுதிச் சேர்த்த அட்டைகள் சுமார் 70 லட்சம், விவரம் பதிவான கைதிகள் 20 லட்சம் பேர். 70 லட்சம் அட்டை என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வாரத்துக்குப் பதினான்கு எழுதவே கை வலிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

குறைகள் என்று கேட்டால் உண்டு, பெரும்பாலானவை சேவையின் தவறு இல்லை. செலவுதான் முதல் பிரச்சினை. உள்நாட்டு அஞ்சலட்டை இன்னும் 50 பைசாதான், வெளிநாட்டுக்கு அந்த விலையில் போகாது, கட்டணம் அவ்வப்போது மாறும், கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் பத்து இருபது அட்டை என்றாலே ஒரு தொகை ஆகிவிடுகிறது. எங்களுக்கு முனையில் இருக்கும் மளிகைக்கடை அண்ணாச்சி தலைச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறார். நான் கேட்கவில்லை, கடையில் ஒரு பிள்ளை சீனப் பூனை கதையைச் சொல்லியிருக்கிறது, அவராகவே கூப்பிட்டு, "மாசா மாசம் என்கிட்ட வாங்கிக்கம்மா" என்றார். இந்தச் செலவால்தான் எங்களுக்கு வந்த அட்டைகளில் ஜெர்மனியும் அமெரிக்காவும் ஃபின்லாந்தும் திரும்பத் திரும்ப வருகின்றன, ஆப்பிரிக்காவிலிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. தலை வாங்கக் காசு இருக்கிறவர்கள்தான் அதிகம் எழுத முடிகிறது. உலகம் முழுவதையும் பார்க்கிறோம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, சுவர் வரைபடத்தில் அட்டை வராத நாடுகளை நாங்கள் வேண்டுமென்றே வண்ணம் தீட்டாமல் வைத்திருக்கிறோம். அந்த நாடுகளைப் பற்றி மாதம் ஒன்றாகப் படிக்கிறோம்.

அப்புறம், சில அட்டைகள் வழியில் எங்கேயோ தொலைந்துபோகும். 60 நாள் தாண்டினால் காலாவதி என்று கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள், புது முகவரி கேட்கலாம், ஆனால் வரைந்த பிள்ளை அழும். அதனால் அனுப்பும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறோம். ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் ஐந்து அட்டைதான் பயணத்தில் இருக்கலாம், போகப் போகத்தான் எண்ணிக்கை கூடும், பொறுமை வேண்டும். ஆங்கிலம் இல்லாமல் பெரிதாக நகர முடியாது, அது உண்மையான தடை. எங்கள் பிள்ளைகள் முதலில் தமிழில் எழுதுவார்கள், பிறகு அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில். முகவரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெரியவர் ஒருவருடைய பெயரில் ஒரே கணக்கு, ஒரே முகவரி, பிள்ளைகளின் முழுப் பெயரோ பள்ளியின் பெயரோ அட்டையில் வரக் கூடாது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு, ஐந்துக்கு ஐந்து. செலவை நினைத்து அரை குறைக்கலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர்களை அப்படித்தான் சொல்வோம். இளம் வயதில் அல்ஜீரியாவில் இருந்தவர், வயது எண்பத்தைந்துக்கு மேல், தெருவில் யாரிடமும் அதிகம் பேசமாட்டார். பிரான்ஸின் பிரெஸ்ட் ஊரிலிருந்து ஒரு பாட்டி முழுக்கப் பிரெஞ்சில் எழுதிய அட்டை வந்தபோது பிள்ளைகள் நேராக அவர் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார், தமிழில் சொன்னார். பாட்டியின் தோட்டத்தில் தக்காளி இந்த வருடம் சரியில்லையாம், பேரன் கப்பலில் வேலைக்குப் போய்விட்டானாம். அவ்வளவுதான் அதில் இருந்தது. தாத்தா அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "நான் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேம்மா, ஒருத்தர் வீட்டுக்குள்ள போய் உக்காந்து சாப்பிட்டதில்ல" என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமை அவரும் மாடிக்கு வருகிறார், படி ஏற இரண்டு பையன்கள் கைகொடுக்கிறார்கள். போன மாதத்துக்கு முந்தின மாதம் தானும் ஒன்று எழுதுகிறேன் என்றார். குலுக்கலில் லிதுவேனியா வந்தது, ஒரு கல்லூரிப் பெண், பிரெஞ்சு படித்துக்கொண்டிருப்பதாகத் தன்னைப் பற்றிய குறிப்பில் எழுதியிருந்தாள். லிதுவேனியா எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் அவருக்கு அட்லஸில் காட்டினார்கள். படம் வரையத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு வாசலில் இருக்கும் வேப்பமரத்தைத்தான் வரைந்தார், இலை இலையாக, ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் மீன் குழம்பு கிடைக்கும் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

அனுப்பி இன்றைக்கு நாற்பத்தொரு நாள். இன்னும் பதிவாகவில்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது வாசலில் நின்று, "வந்துச்சாம்மா?" என்று கேட்கிறார்.